கூறு ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது

அத்தியாயம் 4

போலீஸ் ரிப்போர்ட் செய்யப் போகிறவர்களில் பலர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே குற்றத்துக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். "ஏமாத்திட்டான் சார்." "கொள்ளையடிச்சிட்டுப் போயிட்டானுங்க." "இது கொலை முயற்சி." மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதை மலாயில் இரண்டே வரியில் தட்டி எடுக்கிறார். புகார் கொடுத்தவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். ஓராண்டு கழித்துக் கிள்ளான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் கையில் எடுப்பார்: "இன்று இவ்வளவு சொல்கிறீர்களே, அன்று ஏன் சொல்லவில்லை?"

பெயர் வைப்பது நம் வேலையல்ல. எந்தப் பிரிவின் கீழ் குற்றம் சாட்டுவது என்பதை அரசுத் தரப்பு துணை வழக்கறிஞர் முடிவு செய்வார். நடந்ததை விடாமல் சொல்வதுதான் நம் வேலை. எதை விடக்கூடாது என்பது தெரிய வேண்டுமானால், சட்டம் ஒவ்வொரு குற்றத்தையும் எந்தெந்தக் கூறுகளால் கட்டியிருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். கூறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று வேண்டும். நான்கு கூறுக்குச் சான்று இருந்து ஐந்தாவதற்கு இல்லையென்றால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் வீட்டுக்குப் போகலாம். அவர்மீது ஊருக்கே சந்தேகம் இருந்தாலும் அதுதான் முடிவு.

பண்டமாரான், தாமான் செந்தோசா, போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் அடிக்கடி வரும் சில குற்றங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தச் சட்டம்?

தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த நமக்கு 302, 420 என்ற எண்கள் மனப்பாடம். இந்தியாவில் அந்த எண்கள் ஓய்ந்துவிட்டன. 2024 ஜூலை 1 முதல் அங்கே புதுச் சட்டம். கொலைக்குத் தண்டனை 103ஆம் பிரிவில், மோசடி 318ஆம் பிரிவில். கிள்ளானில் 302 இன்றும் 302தான், 420 இன்றும் 420தான். மெக்காலே 1837இல் வரைந்து 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவி, இன்று மலேசியத் தண்டனைச் சட்டம் (சட்டம் 574) ஆக இருக்கிறது. நம் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் அப்படித்தான்: ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வாரிசு.

இங்கிலாந்தில் இப்படி ஒரே தொகுப்பு கிடையாது. திருட்டுக்கு 1968இல் ஒரு சட்டம், மோசடிக்கு 2006இல் ஒன்று, கொலைக்கு இன்றும் நீதிபதிகள் வழிவழியாகச் சொல்லிவந்த வரையறை. ஆகவே குற்றத்தின் கூறுகளுக்கு நாம் நம் தண்டனைச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். சான்றை எடைபோடும் முறைக்கு மட்டும் ஆங்கிலேய நீதிபதிகள் சொன்னவை இன்றும் நம் நீதிமன்றங்களில் ஒலிக்கின்றன. அதைப் பின்னால் பார்க்கலாம்.

திருட்டு

378ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து கூறுகள். அது அசையும் பொருளாக இருக்க வேண்டும். இன்னொருவர் கைவசம் இருந்திருக்க வேண்டும். அவருடைய சம்மதம் இருந்திருக்கக் கூடாது. எடுத்தவரிடம் நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு பொருளை நகர்த்தியிருக்க வேண்டும்.

"கைவசம்" என்கிறது சட்டம். "சொந்தம்" என்று சொல்லவில்லை. பழுது பார்க்க விட்ட மோட்டார் பட்டறையில் நிற்கிறது. கூலி பாக்கி. காசு கொடுத்தால்தான் வண்டி என்று பட்டறைக்காரர் பிடித்து வைத்திருக்கிறார். இரவில் மாற்றுச் சாவியோடு போய், அவரை ஏமாற்றும் எண்ணத்தில் உங்கள் சொந்த மோட்டாரை நீங்களே எடுத்து வந்தால் அது திருட்டு. நம்ப முடியாதவர்கள் 378ஆம் பிரிவின் விளக்க உதாரணங்களைப் படியுங்கள். அங்கே மோட்டாருக்குப் பதில் கைக்கடிகாரம் இருக்கும், மற்றதெல்லாம் இதேதான். மாறாக, அடுத்தவர் குடையைத் தன் குடை என்று உண்மையிலேயே நம்பி எடுத்துப் போனவர் திருடர் அல்ல. நான்காவது கூறு அவரிடம் இல்லை.

நகர்த்தினாலே போதும் என்பதும் பலருக்குத் தெரியாது. கடையை விட்டு வெளியேறினால்தான் திருட்டு என்றொரு நம்பிக்கை நம் பையன்களிடம் உண்டு. அது தவறு. வாசலைத் தாண்டியது எண்ணத்துக்குச் சான்றாகும். குற்றத்தின் கூறு அல்ல. பொருளைப் பைக்குள் மறைத்து வைத்த கணமே நகர்த்தியாயிற்று. அப்போது எண்ணம் என்ன என்பதுதான் பிறகு வாதாடப்படும்.

இங்கிலாந்துச் சட்டமும் நம் சட்டமும் தெளிவாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டு ஆங்கிலத் திருட்டுச் சட்டப்படி, பொருளை உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். அதனால் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு எங்கோ நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்காக அதே சட்டத்தில் 12ஆம் பிரிவைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. நம் சட்டத்தில் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. "சும்மா ஒரு ரவுண்ட் போயிட்டுத் திருப்பி வச்சிடலாம்னுதான் எடுத்தேன் அங்கிள்" என்பது இங்கே முழுத் தற்காப்பு ஆகாது. வாகனத் திருட்டுக்கு 379A பிரிவு இருக்கிறது. அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. பிள்ளைகளிடம் சட்டம் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது சொல்லுங்கள்.

நேர்மையின்மை என்றால் என்ன? ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணம் என்கிறது 24ஆம் பிரிவு. இங்கிலாந்தில் அளவுகோல் வேறு. அதை வகுத்த வழக்கில் நமக்குப் பழக்கமான பெயர் ஒன்று வருகிறது: கெந்திங். சீட்டாட்டக்காரர் பில் ஐவி 2012இல் லண்டனில் கெந்திங்குக்குச் சொந்தமான கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் 77 லட்சம் பவுன் வென்றார். சீட்டின் பின்புற ஓரங்களில் இருந்த நுண்ணிய வேறுபாட்டைப் படித்து ஆடினார். விடுதி பணத்தைத் தர மறுத்தது. தான் செய்தது ஏமாற்று அல்ல, திறமை என்றே அவர் மனதார நம்பினார். 2017இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருக்கு என்ன தெரியும், என்ன நம்பினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்த நடத்தையை அவருடைய அளவுகோலால் அல்ல, சாதாரண கண்ணியமான மக்களின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நம் 24ஆம் பிரிவு ஆதாயம், இழப்பு என்று கணக்கோடு நின்றுவிடுகிறது. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. "கண்ணியமான மக்கள்" யார் என்று தேட வேண்டியதில்லை.

வழிப்பறி எப்போது கொள்ளையாகிறது?

மோட்டாரில் வந்து கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போவதை நாம் எல்லோருமே கொள்ளை என்கிறோம். சட்டம் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. திருட்டு செய்வதற்காகவோ, திருடியதை எடுத்துச் செல்வதற்காகவோ, அந்த நோக்கத்தோடு ஒருவருக்குக் காயம் விளைவித்தால், தடுத்து வைத்தால், அல்லது உடனடிக் காயம் நேரும் என்ற பயத்தை உண்டாக்கினால்தான் 390ஆம் பிரிவின்படி கொள்ளை. சங்கிலி நழுவி வந்து, அந்த அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை என்றால் அது திருட்டோடு நிற்கலாம். அவர் கைப்பையை விடாமல் பிடித்திருக்க, மோட்டார் அவரைச் சாலையில் இழுத்துக்கொண்டு போனால் நிலைமை வேறு.

ஆகவே ரிப்போர்ட்டில் "சங்கிலியைப் பறித்தார்கள்" என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். கழுத்தில் காயம் உண்டா? தள்ளினார்களா? கத்தியைக் காட்டினார்களா? காட்டியது சங்கிலியைப் பறிக்கவா, பறித்ததைப் போட்டுவிட்டு ஓடும்போது பிடிக்க வந்தவரை விரட்டவா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். கொள்ளையா, திருட்டும் தனியாகக் காயப்படுத்தலுமா என்பது அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. பொழுது சாய்ந்த பிறகு நடந்த கொள்ளைக்குத் தண்டனை கூடுதல் என்பதால் நேரத்தையும் எழுதுங்கள்.

இருவர் சேர்ந்து செய்தாலே மலேசியாவில் கும்பல் கொள்ளை. இந்தியாவில் ஐவர் வேண்டும். 395ஆம் பிரிவில் அதற்கு இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஒரு மோட்டாரில் இரண்டு பேர் என்றால் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. "நான் மோட்டார் மட்டும்தான் ஓட்டினேன், பறிச்சது அவன்" என்ற பேச்சுக்கு 34ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது. பொது எண்ணத்தோடு பலர் செய்த காரியத்துக்கு ஒவ்வொருவரும் தானே செய்தது போலப் பொறுப்பு. ஆனால் பொது எண்ணம் இருந்தது என்பதையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். கூடவே இருந்தான் என்பது மட்டும் போதாது.

அடிதடி

கோவில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்து வாசலிலும் நடக்கிற கைகலப்பு பெரும்பாலும் 323: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகை. "ரிப்போர்ட் கொடுத்தும் போலீஸ் பிடிக்கலையே" என்ற குமுறலுக்குப் பாதிக் காரணம் இதுதான். கணவன் மனைவியை அடித்தால் மட்டும் கதை வேறு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18A பிரிவு அதை வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடியதாக மாற்றியிருக்கிறது. இது குடும்ப விஷயம் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

எலும்பு முறிந்தால் அது கடுங்காயம். ஆயுதம் இருந்தால் 324, கடுங்காயமும் ஆயுதமும் சேர்ந்தால் 326. எலும்பு முறிந்ததா இல்லையா என்பதை நீங்கள் சொல்ல முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அன்றே போங்கள். மூன்றாம் நாள் போனால், இடையில் வேறெங்கோ விழுந்திருக்கலாமே என்ற கேள்வி வரும்.

கடனா, மோசடியா?

அதிகம் குழம்புகிற இடம் இது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். 415ஆம் பிரிவின் உயிர் ஏமாற்றுதலில் இருக்கிறது. பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யை நம்பவைத்து, அதனால் நீங்கள் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பொய்யும் எண்ணமும் பணம் கைமாறுவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கும்போது திருப்பித் தரும் எண்ணம் இருந்து, பிறகு வேலை போய், மனம் மாறி, தொலைபேசியை எடுக்காமல் விட்டால் அது சிவில் வழக்கு. போலீஸ் அதை எடுக்காவிட்டால் அவர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை.

அதனால் 420இல் புகார் கொடுக்கப் போகிறவர், பணம் கொடுத்த நாளுக்கு முந்திய உரையாடல்களைத் தேடி எடுக்க வேண்டும். "போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் நிக்குது, வரி கட்டினா வெளியே எடுத்துடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னாரா? அப்படியொரு கண்டெய்னரே இல்லை என்பதற்கு யார் சாட்சி? அதே கதையை வேறு நால்வரிடமும் சொல்லியிருக்கிறாரா? கொடுத்த பிறகு அனுப்பிய நூறு "எப்போ தருவீங்க" செய்திகளைவிட, கொடுப்பதற்கு முன் வந்த ஒரு பொய் அதிகம் பேசும்.

கூட்டுப் பணம் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம். நம் தமிழ்ச் சொல்லே அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பெருமைப்பட வேண்டியதில்லை.

கோவில் பொருளாளர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன்றோரிடம் பணம் சிக்கிக்கொண்டால் அது மோசடியைவிட நம்பிக்கை மோசடியாக, 405இன் கீழ் வர வாய்ப்பு அதிகம். அதற்கு முதலில் ஒப்படைப்பு நிரூபணமாக வேண்டும். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்தில் பலமுறை வழக்கு முதல் கூறிலேயே படுத்துவிடும்.

மலிவாகக் கிடைத்த கைத்தொலைபேசியை வாங்கியவருக்கு 411 இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். திருட்டுப்போன சற்று நேரத்தில் பொருள் ஒருவர் கையில் இருந்து, அதற்கு அவர் விளக்கமும் சொல்லவில்லை என்றால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் முதல் உதாரணமே இதுதான். வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் இருநூறு வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிற பையன்களும் இப்போது இதே வரிசையில் நிற்கிறார்கள்.

சான்றை எடைபோடுதல்

ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். பண்டமாரானில் இரவுச் சந்தையிலிருந்து ஓர் அம்மா நடந்து வருகிறார். ஏழரை மணி. பின்னால் வந்த மோட்டாரில் இருவர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சங்கிலியைப் பறிக்கிறான். எதிர்க்கடைக்காரர் பார்க்கிறார். கடைக்கு மேல் சிசிடிவி இருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஒருவன் பிடிபடுகிறான். "இவன்தான்" என்கிறார் அம்மா.

அந்த அம்மா பொய் சொல்லமாட்டார். இருந்தும் தவறாகச் சொல்லலாம். உண்மையான சாட்சி உறுதியாகச் சொல்லும் தவறுதான் நீதிமன்றத்தில் ஆபத்தானது என்று இங்கிலாந்தில் 1976இல் டர்ன்புல் வழக்கு எச்சரித்தது. நம் நீதிமன்றங்களும் அந்த எச்சரிக்கையைப் பின்பற்றுகின்றன. முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்? எவ்வளவு தூரத்திலிருந்து? வெளிச்சம் எப்படி? நடுவில் எதுவும் மறைத்ததா? முன்பே தெரிந்த முகமா? பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையே எத்தனை நாள்? போலீசிடம் முதலில் சொன்ன அடையாளத்துக்கும் இப்போது நிற்பவனுக்கும் வேறுபாடு உண்டா? ஏழரை மணிக்குத் தெருவிளக்கு எரிந்ததா என்பது இப்படித்தான் ஒருவனுடைய ஏழாண்டைத் தீர்மானிக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தானா என்பதை அம்மா ரிப்போர்ட்டில் சொல்லாமல் விட்டிருந்தால், கூண்டில் அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இங்கே நாமே செய்கிற கெடுதல் ஒன்று உண்டு. சிசிடிவிப் படத்தை அன்றிரவே தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இவன்தான் திருடன், ஷேர் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுகிறோம். அம்மா அதை இருபது முறை பார்க்கிறார். அடையாள அணிவகுப்பில் நிற்கும்போது அவர் நினைவில் இருப்பது அன்று பார்த்த முகமா, போனில் பார்த்த முகமா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை விடமாட்டார். ஆள் மாறியிருந்தால் அவதூறு வழக்கும் தனியாக வரும். படத்தைப் போலீசிடம் மட்டும் கொடுங்கள்.

கொடுக்கும்போதும் போனில் அனுப்பிய சுருக்கிய பிரதியைக் கொடுக்காதீர்கள். பழைய பதிவுகள் மேல் புதியவை எழுதப்பட்டு அழிந்துவிடும். கடைக்காரரிடம் அன்றே போய் மூலப் பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணினியில் உருவான ஆவணத்தைச் சாட்சியச் சட்டம் 90A பிரிவின் கீழ் நுழைக்க, அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழோ சாட்சியமோ வேண்டும். கருவி யார் பொறுப்பில் இருந்தது என்று யாருக்குமே தெரியாத சிசிடிவிகள் நம் கடைவீதிகளில் நிறைய.

கடைக்காரரிடம் வருவோம். அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். "பக்கத்துக் கடைப் பையன் வண்டி நம்பரைச் சொன்னான்" என்றால், அந்த நம்பர் உண்மை என்று நிரூபிக்க அது செல்லாது. பையனே வர வேண்டும். ஒரே ஒரு சாட்சி என்றாலும் வழக்கு நிற்கும். இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை என்று சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. சொந்தக்காரர் சாட்சி செல்லாது என்ற பேச்சும் வெறும் வதந்திதான். கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள், அவ்வளவே. இரண்டு சாட்சிகள் சொல்வதில் சிறு முரண் இருந்தால் பயப்பட வேண்டாம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

பிடிபட்டவன் ஒப்புக்கொண்டுவிட்டானாமே? அது பெரும்பாலும் உதவாது. காவலில் கொடுக்கும் வாக்குமூலங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்ற சர்ச்சை நீண்ட காலம் ஓடி, 2007இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் போலீசிடம் கைதானவர் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தும் வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. சில சிறப்புச் சட்டங்களில் விலக்கு உண்டு. ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கிறது: சாட்சியச் சட்டம் 27. அவன் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரும்.

அந்தச் சன்னல் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதை நம் பக்கத்து ஊர் பந்திங்கில் பார்த்தோம். அழகுப்பொருள் தொழிலதிபர் சோசிலாவதி லாவியாவும் உடன் சென்ற மூவரும் 2010 ஆகஸ்டு 30 அன்று தஞ்சோங் செப்பாட்டில் ஒரு பண்ணையில் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டுச் சாம்பல் நீரில் கலக்கப்பட்டது. கொலையை நேரில் பார்த்துச் சொல்ல ஆளில்லை, காட்ட உடலும் இல்லை. வழக்கறிஞர் ஒருவரும் அவரிடம் வேலை செய்த மூவரும் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் 2013 மே மாதம் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2017 மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கைத் தாங்கியது சூழ்நிலைச் சான்று, அதிலும் 27ஆம் பிரிவின் வழியே வந்த கண்டெடுப்புகள். உடல் இல்லாவிட்டால் கொலை இல்லை என்று நம்மிடையே சொல்லப்படுவது பொய் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரே திசையைக் காட்ட வேண்டும், நிரபராதி என்ற விளக்கத்துக்கு நியாயமான இடமே இருக்கக் கூடாது. சூழ்நிலைச் சான்றுக்கு அதுதான் அளவு.

கூட்டாளியின் சாட்சியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதை மட்டுமே நம்பித் தண்டிப்பது சட்டவிரோதம் அல்ல என்கிறது சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. ஆனால் துணைச்சான்று இல்லாத கூட்டாளி நம்பத்தகாதவன் என்று ஊகிக்கலாம் என்கிறது 114. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் தலையை நீட்டுகிறவன் அவன். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய அப்ரூவர் இருந்தார், ஜூரியும் இருந்தது. 1945இல் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இடையில் போன ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. மலேசியாவில் 1995இல் ஜூரி முறையை எடுத்துவிட்டார்கள். உண்மையையும் சட்டத்தையும் இப்போது நீதிபதியே எடைபோடுகிறார்.

எந்தத் தராசு?

நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மேல், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். இங்கிலாந்தில் 1935இல் வூல்மிங்டன் வழக்கு இதை உறுதியாக நிலைநாட்டியது. தன் மனைவியைச் சுட்டது விபத்து என்று அந்த இளைஞர் சொன்னார். விபத்து என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, கொலை என்று அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்றது பிரபுக்கள் சபை.

நம் நாட்டில் இதை நடைமுறைக்கு ஏற்றபடி பிரித்துச் சொன்னவர் நீதிபதி சுஃபியான். 1963இல் வந்த மாட் என்பவரின் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நம்பினால் விடுதலை. நம்பவில்லை, ஆனால் அது நியாயமான சந்தேகத்தைக் கிளப்புகிறது என்றாலும் விடுதலை. நம்பவும் இல்லை, சந்தேகமும் கிளம்பவில்லை என்றால்தான் தண்டனை. நம்பவில்லை என்பதற்காக மட்டும் உடனே தண்டித்துவிடக் கூடாது. அவர் சொன்னது நியாயமான சந்தேகத்தையாவது கிளப்புகிறதா என்று கேட்க வேண்டும். பொய் சொன்னவன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். மனைவிக்குத் தெரியக் கூடாத இடத்தில் இருந்தவனும் பொய் சொல்வான்.

அன்று வேறு இடத்தில் இருந்தேன் என்ற தற்காப்பு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால், அதை விசாரணை நாளன்று திடீரென்று எடுத்து வைக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 402A முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. எங்கே இருந்தான், யார் சாட்சி என்பது அதில் வர வேண்டும். வழக்கறிஞரை முதல் நாளே பார்க்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதிய காரணம். வசதியில்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தைக் கேட்கலாம். கைதான பிள்ளைக்கு, கேள்வி கேட்கத் தொடங்குமுன் வழக்கறிஞரையும் உறவினரையும் தொடர்புகொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு உரிமை தருகிறது.

ரிப்போர்ட் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் புரியாவிட்டால் புரியும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தவறிருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிரதி வாங்கிக்கொள்ளுங்கள், விசாரணை அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, நான்கு வாரம் கழிந்தும் தகவல் இல்லையென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107A பிரிவைக் குறிப்பிட்டு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.